கட்டினால்தான் இடிக்க முடியும்: கேமுக்கான இடிந்த வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எதைப் பற்றி?

வேலை நேரம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு தெரு முழுக்க இடிந்த வீடுகள் வேண்டும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் உடைத்தால் ஆறு வீட்டுக்கு மேல் எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு வீடு, வேறு எண்ணுக்கு வேறு மாதிரி இடிந்த வீடு என்று வரும்படி நிரல் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட எழுத வைத்தேன் என்பதுதான் சரி, பாதிக்கு மேல் ஏஐ எழுதியது. பார்ப்பவர்கள் கேட்பது திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

"இடிந்த கட்டடம் ஒன்று செய்து கொடு" என்று ஏஐ-யிடம் கேட்டால் போதாதா?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு பெட்டி வந்தது, அதில் அங்கங்கே சதுரம் சதுரமாகத் துண்டுகள் காணாமல் போயிருந்தன, பார்க்க எலி கடித்த ரொட்டி மாதிரி. ஒரு ஜன்னல் சட்டம் மட்டும் அந்தரத்தில் நின்றது. தரையில் ஒரு செங்கல்கூட இல்லை. நிரலில் பிழை எதுவும் கிடையாது, அது பாட்டுக்கு ஓடியது. நான் கேட்டதில்தான் இந்த வீடு எதனால் இடிந்தது, எந்தச் சுவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது, விழுந்தது எங்கே போனது என்று ஒன்றுமே இல்லை. சொல்லாததை அது ரேண்டம் எண்ணால் நிரப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன வரிசையில் போவது?

முதலில் முழு வீடு. இடிக்கும் பேச்சே எடுக்காதீர்கள். தரைத்திட்டம், வெளிச்சுவர், உள் தடுப்புச் சுவர், கதவு ஜன்னல், லிண்டல், தளம், மேல்மாடி, கூரை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம், இவ்வளவும் சரியாக வந்து, உள்ளே நடந்து பார்த்து, குடியிருக்கலாம் என்று தோன்றிய பிறகுதான் அடுத்த கட்டம்.

கட்டும் பகுதிக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பெரிய பெட்டியை மாடிகளாகப் பிரி, மாடியை ஜன்னல் அகலத்துக்குப் பிரி, அந்தத் துண்டில் ஜன்னலை வை என்று விதிகளை அடுக்கிக்கொண்டே போகும் முறையைப் பாஸ்கல் முல்லரும் பீட்டர் வோன்காவும் சக ஆய்வாளர்களும் 2006-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நகரங்களை உருவாக்கும் சிட்டிஎஞ்சின் மென்பொருள் அந்த வழியில் வந்ததுதான். இதை ஏஐ நன்றாகவே எழுதும். இடிப்பதில்தான் தடுமாறும்.

வீடு எப்படி இடியும் என்று எங்கே பார்த்துக் கற்றுக்கொள்வது?

சாலை அகலப்படுத்தப் பாதி வெட்டிய வீடு ஒன்று உங்கள் ஊரில் கட்டாயம் இருக்கும். போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள், எந்த டுடோரியலும் அவ்வளவு சொல்லித் தராது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வெட்டிய முகத்தில் மேல்மாடி அறை இளநீலம், பக்கத்து அறை பச்சை, நடுவில் இருந்த தடுப்புச் சுவர் போய்விட்டது. ஆனால் இரண்டு நிறமும் சந்தித்த இடத்தில் நாலரை இஞ்ச் அகலத்துக்குப் பூச்சு இல்லாத செங்கல் கோடு ஒன்று தரையிலிருந்து கூரைவரை ஓடியது. குளியலறை இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் வெறும் சுண்ணாம்பு. படிக்கட்டு இல்லை, ஆனால் அது ஒட்டியிருந்த தடம் சுவரில் ரம்பப் பல் மாதிரி ஏறிக்கொண்டே போனது. தளத்தின் வெட்டு முனையில் கம்பிகள் வளைந்து தொங்கின. ஒரு மாடத்தில் சாமி படம் மாட்டியிருந்த ஆணியும் அதைச் சுற்றிப் புகை படிந்த வட்டமும் அப்படியே இருந்தன.

இதில் ஒன்றுகூட இடித்ததால் உண்டானது இல்லை. எல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தவை, இடித்ததால் வெளியே தெரிந்தவை. முழு வீட்டை முதலில் கட்டச் சொல்வது இதனால்தான். நிரலில் ஒவ்வொரு சுவரின் இரண்டு முகத்துக்கும் தனித்தனி நிறம், தடுப்புச் சுவர் சேரும் இடத்தில் பூச்சு இல்லாத பட்டை, படிக்கட்டு ஒட்டும் இடத்தில் தடம், இந்த மூன்றையும் சேர்த்ததும் என் வீடுகள் ஒரே நாளில் வேறு மாதிரி ஆகிவிட்டன. உடைக்கும் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

உடைந்த விளிம்புக்கு வோரோனாய் போட்டால் ஆகாதா? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் காரைக்கும் ஆகும். பிளெண்டரில் செல் ஃபிராக்சர் என்று ஒரு ஆட்-ஆன் உண்டு, அன்ரியல் கேம் எஞ்சினின் கேயாஸ் என்ற பகுதியிலும் அதே வழி இருக்கிறது. வோரோனாய் என்பது இதுதான்: இடம் இடமாகப் புள்ளிகளைத் தூவி, எந்தப் பகுதி எந்தப் புள்ளிக்குப் பக்கம் என்று பிரித்தால் துண்டுகள் வரும். ஆனால் செங்கல் சுவரை அப்படி உடைத்தால் முறுகிய அப்பளத்தை நொறுக்கியது போல இருக்கும். செங்கல் சுவருக்குப் பலவீனமான இடம் இணைப்புக் கலவைதான், அதனால் படிப் படியாக, பல் பல்லாக உடையும். மண் கலவை, சுண்ணாம்புக் கலவை என்றால் செங்கல் முழுசாகப் பிரிந்து வரும். கலவை செங்கல்லைவிட உறுதியாக இருந்தால் விரிசல் செங்கல்லையே பிளந்துகொண்டு போகும். இதை ஒரு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் வித்தியாசம் காட்ட அது ஒன்றே போதும்.

நான் செய்வது: சுவரை 10 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறேன். மாடுலர் செங்கல் 19-க்கு 9-க்கு 9 சென்டிமீட்டர், கலவையோடு சேர்த்தால் 20-க்கு 10-க்கு 10, ஆக ஒரு செங்கல் நீளவாக்கில் இரண்டு கட்டம். அடுத்த வரிசை ஒரு கட்டம் தள்ளித் தொடங்கும். நீக்கும்போது கட்டத்தை நீக்காதீர்கள், செங்கல்லை நீக்குங்கள், இரண்டு கட்டமும் சேர்ந்து போக வேண்டும். பல் தானாக வந்துவிடும்.

அந்தரத்தில் தொங்கும் துண்டுகளை என்ன செய்வது?

எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். ஏஐ-யிடம் சொன்னால் உடனே ஃபிளட் ஃபில் எழுதித் தரும். தரையிலிருந்து தொடங்கி, ஒட்டியிருக்கும் கட்டங்களையெல்லாம் தொட்டுக்கொண்டே போய், தொட முடியாததை நீக்கிவிடு. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். டியர்டவுன் என்ற கேமை விளையாடியவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: அதிலும் தரையோடு ஒட்டு விட்டுப்போன துண்டுதான் விழும், ஒரே ஒரு வாக்ஸல் (சின்னக் கனசதுரம்) ஒட்டியிருந்தாலும் பெரிய கட்டடம் சாயாமல் நிற்கும். ரெட் ஃபேக்ஷன் கெரில்லா என்ற கேம் 2009-லேயே எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போட்டு வீட்டைச் சாய்த்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஃபிளட் ஃபில் விதிப்படி ஒரு சுவர் மேலிருந்து தொங்கலாம், எந்தக் கொத்தனாரும் அப்படி ஒரு சுவரைப் பார்த்திருக்க மாட்டார். செங்கல் தொங்காது, கீழே ஏதாவது இருந்தால்தான் நிற்கும்.

அதனால் ஃபிளட் ஃபில்லைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகப் போகச் சொன்னேன். ஒரு கட்டம் நிற்க வேண்டுமென்றால் அதற்கு நேர் கீழே, கீழே இடப்பக்கம், கீழே வலப்பக்கம் என்ற மூன்றில் ஒன்றாவது நிற்க வேண்டும். இதற்கு இரண்டு லூப் போதும். இதில் எதிர்பாராமல் கிடைத்தது என்னவென்றால், 120 சென்டிமீட்டர் ஜன்னலின் லிண்டலை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் சுவர் முக்கோணமாக விழுகிறது, சரியாக 60 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடுகிறது. நிஜத்திலும் அப்படித்தான், லிண்டல் கணக்குப் போடும்போது மேலே ஒரு முக்கோண அளவுச் சுவரின் பாரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் தானே வளைவு மாதிரி நின்றுகொள்ளும்.

சரி, இந்த விதிக்கும் ஒரு ஓட்டை உண்டு. முதல் நாள் ஓட்டியபோது ஒரே செங்கல்லின் மேல் தலைகீழ் பிரமிடு ஒன்று கம்பீரமாக நின்றது. திறந்த முனையில் மூன்று கட்டத்துக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது என்று ஒரு வரம்பு போட்ட பிறகு அடங்கியது.

இடிபாட்டை எவ்வளவு கொட்டுவது?

சுவரிலிருந்து போன அளவுக்கு. பெரும்பாலான கேம்களில் பாதி வீட்டைக் காணோம், கீழே பத்துச் செங்கல் கிடக்கும், மிச்சத்தை யார் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று தெரியாது.

கணக்கு எளிது. 10-க்கு 8 மீட்டர் வீடு, வெளிச்சுவர் நீளம் 36 மீட்டர், இரண்டு மாடிக்கு 6 மீட்டர் உயரம், ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் 0.23 மீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 50 கன மீட்டர், ஜன்னல் கதவைக் கழிக்கவில்லை. பாதி விழுந்தால் 25. உடைந்து குவியும்போது இடைவெளி சேரும் என்பதால் நான் 1.4-ஆல் பெருக்குகிறேன், 35 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி என்ற நம் ஊர்க் கணக்கில் 12 யூனிட்டுக்கு மேல். அதை 10 மீட்டர் சுவர் நெடுக இரண்டு பக்கமும் 35 டிகிரி சரிவில் கொட்டினால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு ஆள் குனிந்தால் மறைந்துகொள்ளும் உயரம், அதாவது உங்கள் லெவல் டிசைனையே மாற்றும் உயரம். அழகுக்குக் கொட்டுவது என்று நினைத்துக் கடைசியில் சேர்த்தால் கதவு வாசலெல்லாம் அடைத்துக்கொள்ளும். நான் அப்படி அடைபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கே உடைய வேண்டும் என்று முடிவு செய்ய நாய்ஸ் (இடத்துக்கு இடம் அலை மாதிரி ஏறி இறங்கும் ரேண்டம் மதிப்பு) போட்டேன், ஒன்று முழு வீடும் போகிறது, இல்லையென்றால் ஒன்றுமே ஆவதில்லை. ஏன்?

கோடோவில் நாய்ஸ் தரும் ஃபாஸ்ட்நாய்ஸ்லைட்டில் ஃப்ரீக்வென்சி டீஃபால்ட்டாக 0.01. நீங்கள் மீட்டரில் கணக்குப் போடுகிறீர்கள், 10 மீட்டர் வீட்டுக்குள் அந்த அலை அசையவே அசையாது. 0.2, 0.3 என்று ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று, வரும் மதிப்பு -1 முதல் 1 வரை, ஏஐ பலமுறை 0 முதல் 1 வரை என்று நினைத்துக்கொண்டு எழுதும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது: பெர்லின் வகையைத் தேர்ந்து ஃப்ரீக்வென்சியை 1 என்று வைத்து முழு எண் கட்டங்களில் கேட்டால் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் வரும், பெர்லின் நாய்ஸின் அமைப்பே அப்படி.

ஏஐ செய்யும் மற்ற தவறுகள்?

பழைய கோடோவும் புதிய கோடோவும் கலந்து வரும். 4.0 வந்தது 2023 மார்ச்சில், அதில் ஸ்பேஷியல் என்பது நோட்3டி ஆகிவிட்டது, இன்ஸ்டன்ஸ் என்பது இன்ஸ்டான்ஷியேட், யீல்ட் என்பது அவெய்ட். முதல் வரியிலேயே "கோடோ 4, பழைய பெயர் எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், அப்படியும் ஒன்றிரண்டு நுழையும்.

அப்புறம் முக்கோணத்தின் திசை. கோடோவில் ஒரு முக்கோணத்தின் புள்ளிகள் கடிகாரச் சுற்றில் வந்தால்தான் அது முன்முகம், ஓபன்ஜிஎல் என்ற வரைகலை நிரலகத்தின் வழக்கம் இதற்கு நேர் எதிர். ஏஐ இரண்டையும் குழப்பும். வெளியிலிருந்து பார்த்தால் வீடே தெரியாது, உள்ளே போனால் சுவர் தெரியும். முதல் தடவை நான் அரை நாள் லைட்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ரிகர்ஷனும் அப்படியே. மேலே சொன்ன வீட்டில் வெளிச்சுவர் மட்டும் 21,600 கட்டம், தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதினால் ஸ்டாக் நிரம்பி நின்றுவிடும். லூப்பாக எழுது என்று சொன்னால் எழுதும், சொல்லாவிட்டால் எழுதாது.

இதையெல்லாம்விட எரிச்சலானது ஒன்று உண்டு. ஒரு பிழையைச் சொன்னால் அதைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷனையும் "மேம்படுத்தி" வைக்கும். நிரலின் ஒவ்வொரு பகுதியும் ஒழுங்காக ஓடியதும் கிட் (Git) என்ற கருவியில் கமிட் போட்டு அந்தப் பதிப்பைச் சேமித்துவிடுவதைத் தவிர இதற்கு எனக்கு வேறு மருந்து கிடைக்கவில்லை.

ஏஐ-க்குத்தான் கண் இல்லையே, சரியாக இருக்கிறதா என்று அது எப்படிச் சோதிக்கும்?

ஸ்கிரீன்ஷாட் கொடுத்தால் பார்க்கும், ஆனால் "பிரமாதமாக இருக்கிறது" என்று சொல்லும், அதை நம்ப வேண்டாம். எண்ணிப் பார்க்கக் கூடியதைக் கேளுங்கள். தாங்குதல் இல்லாத கட்டம் எத்தனை? பூஜ்யமாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து போன கன அளவும் தரையில் கிடக்கும் கன அளவும் பொருந்துகிறதா? ஒரே எண்ணை இரண்டு முறை கொடுத்தால் ஒரே வீடு வருகிறதா? இந்த மூன்றுக்கும் சோதனை நிரல் எழுத வைத்து இரவு முழுக்க 500 வீடுகளை ஓட விடுங்கள். அழகா அசிங்கமா என்பது மட்டும் உங்கள் கண்ணுக்கு.

ஒரு ஜன்னலைச் சேர்த்தேன், இடிந்த விதமே மாறிவிட்டது. விதை எண் (வீட்டுக்காக நான் கொடுக்கும் எண்) அதேதான்.

நிரலின் எல்லாப் பகுதியும் ஒரே ரேண்டம் ஜெனரேட்டரிலிருந்து எண் எடுக்கிறது. நடுவில் ஒருவர் கூடுதலாக ஒரு எண்ணை உருவிக்கொண்டால் பின்னால் நிற்பவர்கள் எல்லோருக்கும் வேறு எண்தான் கிடைக்கும், பந்தியில் நடுவில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி. ஜன்னலுக்கு ஒன்று, சேதத்துக்கு ஒன்று, இடிபாட்டுக்கு ஒன்று என்று தனித்தனி ஜெனரேட்டர் வைத்து, விதை எண்ணையும் அந்தப் பகுதியின் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்து (இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கி) ஒவ்வொன்றுக்கும் கொடுங்கள்.

இத்தனை செங்கல் வைத்தால் கம்ப்யூட்டர் தாங்குமா?

தாங்காது. ஒரு கன மீட்டருக்கு 500 செங்கல் என்ற கணக்கில் மேலே சொன்ன வீட்டுக்கே 25,000. கணக்கு மட்டும்தான் செங்கல் செங்கலாக நடக்கிறது. வரையும்போது சுவர் ஒரு தட்டையான மெஷ் (3டி வடிவம்), அதில் செங்கல் படம். உடைந்த விளிம்பை ஒட்டி 30 சென்டிமீட்டர் பட்டைக்குள் இருப்பவை மட்டும் நிஜச் செங்கல். கீழே சிதறிக் கிடப்பவை மல்டிமெஷ், அதாவது ஒரே வடிவத்தைப் பல இடங்களில் ஒரே தடவையில் வரைவது. இடிபாட்டுக் குவியலின் கொலிஷனுக்கு (ஆள் மோதுவதைக் கணக்கிடும் வடிவத்துக்கு) ஒரு சாய்வான மேடு போதும், செங்கல் செங்கலாகக் கொலிஷன் வைத்தால் ஆள் நடக்கவே மாட்டார், தடுக்கித் தடுக்கி நடுங்குவார்.

தீ, நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே நிரல் போதுமா?

தாங்கும் விதி ஒன்றுதான், எதை முதலில் எடுப்பது என்பது மாறும். தீ என்றால் மரக்கூரையும் மரத்தளமும் போகும், செங்கல் நிற்கும், ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் கரி நாக்கு மாதிரி ஏறியிருக்கும். நிலநடுக்கம் என்றால் இரண்டு ஜன்னலுக்கு நடுவே பெருக்கல் குறி போல விரிசல். கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்ட அடுக்குமாடியாக இருந்தால் கீழ்த்தளம் மட்டும் நசுங்கி மேல்மாடிகள் அப்படியே உட்கார்ந்துவிடும், 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் பல கட்டடங்களுக்கு இதுதான் நடந்தது. ஆள் இல்லாமல் விட்ட வீட்டுக்குக் கூரை முதலில் போகும், மழை சுவரின் தலையில் இறங்கும், விரிசலில் அரசங்கன்று முளைக்கும். கூரையே இல்லாமல் சுவர் மட்டும் நிற்பதைப் பார்க்க 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயப் படங்களைத் தேடிப் பாருங்கள், உப்புக்காற்று சுவரின் முனையை எப்படி மழுக்கியிருக்கிறது என்று கவனியுங்கள்.

போரில் இடிந்த வீடுகளை இப்படி விளையாட்டாகச் செய்யலாமா?

செய்திருக்கிறார்கள், மரியாதையோடும் செய்திருக்கிறார்கள். சரயேவோ முற்றுகையை மனதில் வைத்து 2014-ல் வந்த திஸ் வார் ஆஃப் மைன் என்ற கேம் ஒரு உதாரணம். தமிழில் படிப்பவர்களில் கூரை இல்லாத தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டுப் படத்தைப் பார்த்து அச்சு அசலாக எடுத்து வைக்க மாட்டேன் என்பது என் வரம்பு, உங்கள் வரம்பை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழிலேயே ஏஐ-யிடம் கேட்கலாமா?

கேட்கலாம், புரிந்துகொள்ளும். அதே விஷயத்துக்குத் தமிழில் டோக்கன் (ஏஐ எழுத்தை எண்ணும் துண்டு) கூடுதலாகச் செலவாகும், இலவசக் கணக்கில் சீக்கிரம் வரம்பு முட்டும். நான் விதியைத் தமிழில் விளக்கி, ஃபங்ஷன் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் விடுகிறேன்.

விளையாடும்போதே சுவர் உடைய வேண்டுமென்றால்?

அது வேறு கடை. இங்கே சொன்னதெல்லாம் கேம் தொடங்கும் முன்பே இடிந்து முடிந்த வீடு.

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் போட்டால் ஏஐ பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டுமா?

2024 ஜனவரியில் வந்த விதிப்படி படிவத்தில் கேட்கிறார்கள், முன்கூட்டியே செய்தது, விளையாடும்போது உருவாவது என்று இரண்டு வகையாக. விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், போடும் நாளில் படித்துவிட்டு நிரப்புங்கள்.

இன்னும் எது சரியாக வரவில்லை?

படிக்கட்டு. கான்கிரீட் படிக்கட்டு செங்கல் விதிக்கு அடங்காது, ஒரு பக்கம் போனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அதனால் இப்போதைக்கு என் நிரல் அதைத் தொடுவதே இல்லை. சுற்றிலும் எல்லாம் விழுந்த வீட்டில் படிக்கட்டு மட்டும் முழுசாக மேலே ஏறிப் போய் வெற்று வானத்தில் முடிகிறது. சோதித்துப் பார்க்க நான்கு நண்பர்களிடம் கொடுத்தேன், நான்கு பேரும் முதல் வேலையாக அதில் ஏறி உச்சிப் படியில் நின்று தெருவைப் பார்த்தார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.